அஞ்சடியில் ஒரு மாப்பிள்ளை அறை

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. வீட்டைப் பார்க்க அதிகாரி பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த அந்தச் சனிக்கிழமை, இருட்டு விலகும் முன்பே, நான் குடியிருக்கும் தம்போயிலிருந்து காரை எடுத்துவிட்டேன். பெக்கான் நானாஸைத் தாண்டும்போது ஏழு மணிகூட ஆகவில்லை. இவ்வளவு சீக்கிரம் போய் என்ன வெட்டி முறிக்கப் போகிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். வேகத்தை மட்டும் குறைக்கவில்லை. பொந்தியானில் எங்கள் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கியபோது காக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார்.

"யாரும்மா மவுத்தாயிட்டாங்க? இந்த ஓட்டம் ஓடி வர்றே?"

எங்கள் சனங்கள் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். சர்க்கரை வியாதியில் வலது கால் முட்டிக்குக் கீழே போய் நாலு வருஷம் ஆகிறது. மதினி அதற்கு முன்பே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. வாப்பா விட்டுப்போன வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேர்தான் சொந்தக்காரர்கள். அவர் அதில் இருக்கிறார், நான் அதை நினைத்துக்கொண்டு அலைகிறேன்.

"அதிகாரி வர்றாங்கன்னு சொன்னேனே, காக்கா."

"அவங்க வர்றதுக்கு நீ ஏன் வேர்க்கிறே? உக்காரு. மூலைக் கடையில தேத்தண்ணி சொல்றேன்."

உட்காரவில்லை. மாடிக்கு ஏறினேன், இறங்கினேன், துடைத்த படிக்கட்டையே மறுபடியும் துடைத்தேன்.

ஆற்றுமுகத்தைப் பார்த்து ஒன்பது வீடுகள், ஒரே வரிசையில் ஒட்டி நின்றவை. ஒவ்வொன்றிலும் கீழே கடை, மேலே குடித்தனம். மாடி முன்னால் நீண்டு தூண்களின் மேல் உட்கார்ந்திருக்கும், தூணுக்குத் தூண் ஒரு வளைவு. வளைவுகளுக்கு உள்ளே, கடை வாசல்களை ஒட்டி ஓடுகிற நடைபாதையை மலாயில் காக்கி லீமா என்பார்கள். எங்கள் பேச்சில் அது அஞ்சடி. தரை வீட்டுக்காரனுடையது, நடக்கிற உரிமை ஊருடையது. இந்தக் கோடியில் நுழைந்தால் அந்தக் கோடிவரை வெயிலும் மழையும் படாமல் போய்விடலாம், எங்கள் வீடு ஒன்றைத் தவிர.

எங்கள் முகப்பில் இரண்டு வளைவுகள். ஒன்றின் கீழ் கடை வாசல். இன்னொன்றை முப்பது வருஷத்துக்கு முன்னால் மூன்று பக்கமும் சிமெண்ட் கல் வைத்து அடைத்து அறையாக்கிவிட்டோம். அஞ்சடியில் நடந்து வருகிறவர் எங்கள் கடை வாசலைத் தாண்டியதும் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். சாலையில் இறங்கி, சாக்கடை ஓரமாகப் பதினைந்து எட்டு நடந்து, பக்கத்துச் சீன மருந்துக் கடையில் மறுபடி ஏற வேண்டும்.

அடைத்தது எனக்காக. வாப்பாவின் ஊர் தமிழ்நாட்டுக் கடற்கரையில் இருக்கிறது. அங்கே எங்கள் சனங்களில் கல்யாணமான பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். அவருக்கென்று தனி அறை இருந்தே ஆக வேண்டும். கடல் தாண்டி வந்து எத்தனையோ விட்டுப்போனது, வாப்பா இதை மட்டும் விடவில்லை. காக்காவே அப்போது மூவாரில் மதினி வீட்டில் மாப்பிள்ளையாக இருந்தார். எங்கள் வீட்டிலோ கீழே வாப்பாவின் கைலிக் கடை, பின்னால் அடுப்படி, மேலே ஒரே அறை. கூடம் முழுக்கத் துணி மூட்டைகள், மூட்டைகளுக்கு நடுவே நான். சம்பந்தம் பேச வந்தவர்கள் எழுந்து போனதும் வாப்பா வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். அப்புறம் குனிந்து அஞ்சடியைப் பார்த்தார்.

காக்கா மூவாரிலிருந்து விடுமுறை போட்டு வந்து கொத்தனாருக்குக் கல் எடுத்துக் கொடுத்தார். மருந்துக் கடைச் சீன முதலாளி, தவுக்கே என்போம், வந்து பார்த்து, "போலே கா?" என்று ஒரே கேள்வி கேட்டார், இப்படிச் செய்யலாமா என்று. வாப்பா அன்றைக்கு மத்தியானமே ஒரு சட்டி பிரியாணி அனுப்பினார். தவுக்கே அப்புறம் கேட்கவில்லை. ஊர் நடக்கிற வழியில் மாப்பிள்ளைக்குக் கட்டில் போட்ட குடும்பம் உலகத்தில் நாங்கள் ஒன்றுதான் இருப்போம்.

மாப்பிள்ளை வந்தார். எட்டு மாதம் தாங்கினார். தலைமாட்டுக்கு அந்தப்புறம் சைக்கிள் கைப்பிடி சுவரை உரசும், மீன்காரர்கள் விடியலில் காறித் துப்புவார்கள், யாராவது ஜன்னலடியில் நின்று சிகரெட் பிடிப்பார்கள். "நான் ரோட்டுல தூங்குறேன்" என்று என் கணவர் வாப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னார். தம்போயில் ஒரு வொர்க்‌ஷாப்பில் வேலை தேடிக்கொண்டு என்னையும் அழைத்துப் போனார். பதினோரு வருஷம் கழித்து வேறொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய்விட்டார். நல்லா இருக்கட்டும். அதற்கப்புறம் அந்த அறையைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டும். காக்காவிடம் பேசுவதென்றால்கூட ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவேன்.

கால் போன பிறகு மூவாரில் யாருமில்லாமல் இருந்த காக்காவுக்கு அந்த அறைதான் கிடைத்தது. மாடி ஏற முடியாது. கடையைக் கைத்தொலைபேசி விற்கிற ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம், அந்த வாடகைதான் அவருக்குச் சோறு.

போன வருஷம் வரிசையின் கடைசி இரண்டு வீடுகளை ஒரு ஹோட்டல்காரர் வாங்கி இடித்தார். பிறகு காக்காவிடமும் வந்து கேட்டிருக்கிறார். "தங்கச்சிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று காக்கா சொன்னாராம். அவ்வளவுதான், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விற்கத்தான் நினைக்கிறார் என்று நானாகவே முடிவு கட்டினேன். மரபுக் கட்டடப் பட்டியலில் சேர்த்துவிட்டால் யாரும் இடிக்க முடியாது என்று யாரோ சொல்ல, உடனே விண்ணப்பம் போட்டேன். காக்காவின் கையெழுத்தை, வீட்டு வரிக் காகிதம் என்று பொய் சொல்லி வாங்கினேன்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: கட்டிய பிறகு கட்டடத்தில் ஏதேனும் மாற்றம் செய்யப்பட்டதா? இல்லை என்ற கட்டத்தில் அடையாளம் போட்டேன். மாடிப் படிக்கட்டைப் படமெடுத்தேன், வண்ணக் கண்ணாடி ஜன்னலை எடுத்தேன், பூப்போட்ட தரைக்கல்லை எடுத்தேன். முகப்பைப் படமெடுக்க மட்டும் ஒரு லாரி வந்து அந்த அறையை மறைத்து நிற்கும்வரை அரைமணி நேரம் எதிர்ப்பக்கம் காத்திருந்தேன். செனாயில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருஷமாகக் குறை கண்டுபிடிக்கிற வேலை எனக்கு. ஒரு திருகாணி கோணலாக இருந்தால் பெட்டியையே திருப்பி அனுப்புகிறவள். சொந்த வீட்டுக் குறையை மறைக்க லாரி தேடினேன்.

சரியாகப் பத்து மணிக்கு அதிகாரி வந்தார். முப்பது வயது இருக்கும், கூலாய்ப் பக்கத்துப் பெண். தமிழில் பேசியதும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. மாடியில் அவர் பட்ட சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்! படிக்கட்டுக் கைப்பிடியைத் தடவித் தடவிப் பார்த்தார். சுவரில் சிவப்புப் புள்ளி விழுகிற கருவியால் அளந்து எழுதிக்கொண்டே பேசினார்.

"முதல்ல யாரு கட்டினதுக்கா?"

"ஒரு சீன தவுக்கே. அன்னாசிப்பழம் டின்ல அடைச்சு கப்பல்ல அனுப்பினவராம். அவங்க பேரன்கிட்ட எங்க வாப்பா வாங்கினாங்க."

"கொடுத்து வச்சவங்கக்கா நீங்க. எங்க அப்பா பொறந்த எஸ்டேட் லயம் இருந்த எடத்துல இப்போ எண்ணெய்ப்பனை. ஒரு போட்டோகூட இல்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் போட்டோ எடுத்த லட்சணம் எனக்குத்தானே தெரியும். கீழே வராமலே அனுப்பிவிடலாமா என்று தேத்தண்ணி, வடை, வாழைப்பழம் என்று ஒவ்வொன்றாக மாடிக்கே கொண்டுவந்தேன். வாழைப்பழத்தைத் தின்று முடித்துக் கீழே இறங்கிவிட்டார். அஞ்சடியில் நாலு எட்டு வைத்தார், சுவர் வந்தது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"இது என்னக்கா?"

"அது... ஸ்டோரு."

ஸ்டோர் உள்ளேயிருந்து இருமியது. "ஸ்டோர்ல ஆள் இருக்கு லா," என்றார் காக்கா. "உள்ள வாம்மா, மழை வரப்போவுது."

அந்தப் பெண் உள்ளே போய்க் கட்டிலைப் பார்த்தார், சக்கர நாற்காலியைப் பார்த்தார், மடித்துக் கட்டியிருந்த காக்காவின் காற்சட்டைக் காலைப் பார்த்தார். வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, படிவத்துல மாற்றமே இல்லைன்னு போட்டிருக்கீங்க."

"தெரியாம போட்டுட்டேன்."

"அஞ்சடிய தொறந்தீங்கன்னா வீடு பட்டியல்ல வந்துடும். யாரும் இடிக்க முடியாது. தொறக்கலன்னா பட்டியலும் கிடையாது, அடைப்ப எடுக்கச் சொல்லி நோட்டீஸும் வரும். நான் பாத்துட்டேன்கா. பாக்காத மாதிரி எழுத முடியாது."

முப்பது வருஷம் யார் கண்ணையும் உறுத்தாமல் கிடந்த அறை. நான் கூட்டி வந்த அதிகாரியால்தான் அது போகப்போகிறது. வீட்டைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று, அதில் இருக்கிற மனிதருக்குக் கட்டில் போட இடமில்லாமல் செய்துவிட்டேன். "அவர் எங்க போவாரும்மா?" என்று கேட்டேன்.

அப்போது மழை பிடித்தது. கடற்கரை மழை, சொல்லிக்கொண்டு வராது. அஞ்சடியில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நான் வாரத்துக்கு ஒருமுறை வந்து, வந்த வேகத்தில் திரும்புகிறவள். காக்கா மழை நாளில் என்ன செய்கிறார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அறைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஜன்னல். எங்கள் கடைப்பக்கத்து ஜன்னலில் யாராவது வந்து நின்றால் உள்ளேயிருந்து ஒரு குடையை நீட்டுவார். அவர்கள் விரித்துக்கொண்டு சாலையில் இறங்கி, பதினைந்து எட்டு நடந்து, மருந்துக் கடைப்பக்கத்து ஜன்னலில் திருப்பிக் கொடுப்பார்கள். காக்கா கட்டிலிலேயே நகர்ந்து போய் வாங்கிக்கொள்வார். எதிர்த்திசையில் வருகிறவர்களுக்கு அதே குடை அங்கிருந்து இங்கே. ஆறு குடைகள் ஓய்வில்லாமல் சுற்றின.

யாரும் சும்மா வாங்கிக்கொண்டு போகவில்லை. ஒரு மலாய்க்கார மாது குடையைக் கொடுத்துவிட்டு மகளுக்கு வேலை கிடைத்த கதையைச் சொன்னார். மீன்காரர், இரண்டு கெம்போங் மீனை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் போனார். மருந்துக் கடைத் தவுக்கேயின் மகன் காக்காவின் காலைப் பார்த்து ஏதோ களிம்பு சொன்னார், காக்கா அவரைக் கிண்டலடித்தார். குளத்தில் பொரி போட்டதுபோல் ஜன்னலைச் சுற்றி ஆட்கள். அதிகாரிப் பெண்ணும் ஒரு குடையை வாங்கிக்கொண்டு சுற்றிப் போய் அந்தப்பக்கம் நின்று சிரித்தார்.

மழை நின்றதும் காக்கா என்னைக் கூப்பிட்டார். முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் போய் நின்றேன்.

"வரிக் காகிதம்னு சொல்லித்தானே கையெழுத்து வாங்கினே?"

குனிந்து கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன்.

"கேட்டிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேன். உன்ன கேட்காம நான் விக்க மாட்டேன், என்னைக் கேட்காம நீ எல்லாம் செய்வே. அப்படித்தானே?"

"வித்துடுவீங்கன்னு பயந்துட்டேன், காக்கா."

"அவனைத் தட்டிக் கழிக்கத்தான் கேட்டுச் சொல்றேன்னேன். உன் பேரைச் சொன்னா எவனும் ரெண்டாவது தடவை வரமாட்டான், அவ்வளவு வாய் உனக்கு!"

அவரே சிரித்துவிட்டார். நான் அழுதேன். "அலமாக், அந்தப் புள்ள முன்னாடி அழாதே," என்றார். தம்போய்க்கு வந்துவிடுங்கள், என் வீட்டில் கீழே ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல இன்னொருத்தங்க வீட்ல மாப்பிள்ளையா இருந்தாச்சு. இனி தங்கச்சி வீட்லயும் போய் இருக்கணுமா? மய்யித்தானா தூக்கிட்டுப் போ. இப்ப வரமாட்டேன்." ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "சுவரை இடி. பாத்தேல்ல? எத்தனை பேர் எறங்கி ஏறுறாங்க. இந்தக் கல்லை எடுத்துக் குடுத்தது நான்தான். எனக்கு எப்பவும் உறுத்தல்தான்."

கைத்தொலைபேசிக் கடைக்காரர் நல்ல மனிதர். வாடகையைக் குறைத்துக்கொண்டால் கடையின் பின்பகுதியை விட்டுத்தருகிறேன் என்றார். அங்கே பலகைத் தடுப்பு வைத்துக் காக்காவின் கட்டிலைப் போட்டோம். ஜன்னல் கிடையாது. பகலில் அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன், அது போதும் என்றார் காக்கா.

இடிக்கிற அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். மூன்று பேர் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்கள். வீடு வாங்கிய புதிதிலேயே வாப்பா தூணில் பூசியிருந்த சிமெண்டைச் சுரண்டியபோது, தூணின் தலையில் ஒரு அன்னாசிப்பழம் தெரிந்தது. சுண்ணாம்புச் சாந்தில் செய்தது, ஒவ்வொரு கண்ணும் கூர்மையாக, மேலே இலைக்கொத்தோடு. வரிசையில் வேறெந்தத் தூணிலும் அது இல்லை. முதலில் கட்டிய தவுக்கே தன் வீட்டுக்கென்று வைத்த அடையாளம். அதிகாரிப் பெண் ஏணியில் ஏறி அதைத் தொட்டுவிட்டு இறங்கி என்னைக் கட்டிக்கொண்டார். நானும் பெருமையில் எல்லாருக்கும் படம் அனுப்பினேன். எல்லா மூச்சுமுட்டலும் அந்தக் கல்லோடு லாரியில் ஏறிப் போய்விட்டதாகத்தான் நினைத்தேன். வீடு பட்டியலில் வந்தது. ஹோட்டல்காரர் திரும்பவும் வரவில்லை.

அப்புறம் நாலு மாதம் தொழிற்சாலையில் ஓயாத வேலை. சனிக்கிழமைகளில் வந்தால் பத்து நிமிஷம் நிற்பேன், சாமான்களை இறக்கிவிட்டு ஓடிவிடுவேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்ற நினைப்பு. காக்கா கொஞ்சம் இளைத்த மாதிரி இருந்ததைச் சர்க்கரை என்று எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சாமான்களை இறக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. காரை எடுக்க முடியாமல் காக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். அஞ்சடியில் ஆட்கள் வந்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, ஒரு தடங்கல் இல்லை. மலாய்க்கார மாது கையை ஆட்டிவிட்டுப் போனார். மீன்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஸலாம் சொன்னார். தவுக்கேயின் மகன் கைபேசியில் பேசியபடி தலையை அசைத்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஒருவரும் நிற்கவில்லை. நிற்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

"தினம் இப்படித்தானா, காக்கா?"

"அவங்கவங்களுக்கு வேலை இருக்குல்ல."

அப்போது இரண்டு இளம்பெண்கள் வந்து நின்றார்கள். காக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார், முகமெல்லாம் சிரிப்பு. எந்த ஊர் என்று மலாயில் கேட்க வாயெடுத்தார். அவர்கள் தூணின் தலையைப் பார்த்தார்கள், கைபேசியைத் தூக்கினார்கள். ஒருத்தி குனிந்து ரொம்ப மரியாதையாகக் கேட்டாள், அங்கிள் படத்தில் வருகிறார், நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ள முடியுமா என்று.

காக்கா நல்ல காலை ஊன்றி நாற்காலியை நகர்த்தப் பார்த்தார். நான்தான் பிடித்து இழுத்துவிட்டேன். படம் எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, நனையாமல் போனார்கள்.

காக்கா தெருவைப் பார்த்தபடியே ஏதோ கேட்டார். மழைச் சத்தத்தில் முதலில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. திரும்பவும் கேட்டார்.

"தம்போய்ல உன் வீட்டு வாசல்ல ஆளுங்க நடப்பாங்களா?"

எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லோரும் காரிலிருந்தே பொத்தானை அமுக்கிக் கேட்டைத் திறந்து உள்ளே போகிறவர்கள். எட்டு வருஷமாக எதிர்வீட்டில் இருப்பவரின் முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியாது.

"நடப்பாங்க, காக்கா," என்றேன். "காலைல, சாயங்காலம், நிறையப் பேர் நடப்பாங்க."

"அப்ப வர்றேன்," என்றார்.